நுரை நிற்காத பீர்

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு காப்பிக் கடையில் கொட்டை வறுப்பது என் வேலை. பெங்களூரில் பீர் காய்ச்சும் இந்த ஊர்க்காரர் ஒருவர் மழைக்காலத்தில் வந்து, “அண்ணாச்சி, உங்க கைவறுப்பு அஞ்சு கிலோ வேணும். கறுப்பு பீர்ல போடப் போறேன்,” என்றார். என்னைத் தேடி வந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஐந்து கிலோவை மட்டும் தனியாக வறுத்து, இறக்கும்போது இரண்டு கரண்டி நெய் விட்டேன். தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணக் காப்பிக்கு அப்படித்தான் செய்வார்கள். அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு குப்பியோடு வந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். பார்வைக்கு டிகாக்ஷன்தான். மேலே எழும்பிய நுரை நான் கை நீட்டுவதற்குள் அடங்கிவிட்டது.

“பார்த்து மோனே, இவனுக்குச் சாயா குடிச்சாலே தலை சுத்தும்,” என்று அவரிடம் சொன்னார் என் முதலாளி.

குடித்தேன். முதலில் குளிர்ச்சி, பிறகு நன்றாக வறுபட்ட கசப்பு. விழுங்கிய பின் மூக்கில் மெலிதாக நெய் வாசம் ஏறியது.

“ருசி சரிதான், நுரைதான் நிக்கலை. எண்ணெப்பசை ஒரு துளி பட்டாலும் போச்சு அண்ணாச்சி. டேங்க் கழுவுற சேட்டன் வேலைதான். தான் இல்லைன்னு அழுதாரு. வேலையை விட்டு நிறுத்திட்டேன்,” என்றார் பீர்க்காரர்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாருக்கு,” என்று சொல்லி மீதியையும் குடித்தேன்.

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் பின்னாலேயே ஓடி நெய் விட்டதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வண்டியை அணைத்துவிட்டு அந்தச் சேட்டனுக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“சேட்டா, தப்பு உங்க மேல இல்லை. திரும்பி வாங்க.”

“வேண்டாம் சாரே. இப்ப ஊர்ப் பக்கமே ஏலூர்ல ஒரு கம்பெனியில வேலைக்கு நிக்கிறேன். அன்னிக்கு எண்ணெப்பசை இருக்கான்னு எல்லாரும் என் கையைப் பிடிச்சு மோந்து பார்த்தாங்க. இனி அங்க வர முடியாது.”

“நீங்க சொல்லிப் பாருங்க,” என்று போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் உள்ளங்கையில் காப்பி வாசம் அடித்தது. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. நானும் பேசவில்லை, அவரும் போனை வைக்கவில்லை.