அம்மன் பட்டும் கறைமருந்தும்

கண்டி நகரத்து ட்ரைக்ளீனிங் கடையொன்றில் பட்டில் கறை எடுப்பதென்றால் கணேஸைத்தான் கூப்பிடுவார்கள். பிலிமத்தலாவையில் வீடு. ஆடித் திருவிழாவுக்கு முன்னால், கடையில் கேட்டு வாங்கிய ஒரு போத்தல் கறைமருந்தோடு ஊர்க் கோயிலுக்குப் போய், அம்மன் பட்டுகளில் பிடித்த எண்ணெய்க் கறையை எடுத்துக் கொடுப்பார். அது அவருடைய நேர்த்திக்கடன். அம்மன் உடுப்பை நாலு பேர் பார்க்கக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். தன் மூச்சு பட்டில் படக் கூடாதென்று வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். விரதம் வேறு.

இந்த வருசம் வயிறு எரிந்தது. விரத எரிச்சல்தான் என்று திருநீறு பூசிக்கொண்டு இருந்துவிட்டார். அந்தச் சமயம் டொக்டர் வதனா கடைக்கு வந்து எல்லாரையும் பரிசோதித்துப் போனார். இரசாயனங்களோடு வேலை செய்கிறவர்களின் உடம்பைப் பற்றி ஆராய்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். பிறகு கணேஸை மட்டும் வரச் சொன்னார். மனைவி நிஷாந்தினியும் கூடப் போனாள்.

"அண்ணை, இரைப்பையில கிருமி இருக்கு. ஈரலும் பாதிச்சிருக்கு. கறைமருந்தின்ர ஆவியும் இந்தக் கிருமியும் சேர்ந்தா ஈரலுக்குக் கூடக் கேடோ எண்டுதான் ஆராயிறம். முடிவு இன்னும் வரேல்ல. அதுக்காக நீங்கள் காத்திருக்கேலாது. மூடின அறையில வேலை செய்யிறியளோ?"

"கடையில ஃபேன் ஓடுதுங்க டொக்டர்."

"கோயில்ல?" என்றாள் நிஷாந்தினி. "சொல்லுங்க. இங்கயும் வாயக் கட்டிட்டா வந்திருக்கீங்க?"

கணேஸ் தலையைக் குனிந்துகொண்டார். "துணி கட்டிக்கிறேன்ல."

"துணி ஆவியை மறிக்காது அண்ணை. இனி கறைமருந்தைத் தொட்டா ஈரல் மிஞ்சாது."

கிருமிக்கு மருந்து கொடுத்தார். ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

தேர் வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் கணேஸும் நிஷாந்தினியும் கோயிலுக்குப் போனார்கள். கோயில் தலைவர் ராஜரத்தினம் பட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தார்.

"வா கணேசு. ஒனக்காகத்தான் அறையத் தொறந்து வச்சிருக்கேன்."

அம்மனுக்குக் கணேஸ் இதுவரை எதையும் மறுத்ததில்லை.

"முடியாதுங்க ஐயா. ஈரல் கெட்டுப்போச்சாம்."

"அப்ப அம்மா கறையோட தேர்ல ஏறணுமா?"

"ஏறட்டுங்க," என்றாள் நிஷாந்தினி. "ஒங்க வீட்டம்மா சீலையில எண்ணெ பட்டதே இல்லையா?"

ராஜரத்தினம் பட்டை மடித்தார்.

வெள்ளிக்கிழமை தேர் அவர்கள் முன்னால் வந்து நின்றது. கற்பூர வெளிச்சத்தில் அம்மன் இடுப்பருகே கறை நன்றாகவே தெரிந்தது. கணேஸுக்குக் கை எழவில்லை. நிஷாந்தினி முழங்கையால் இடித்தபிறகுதான் கும்பிட்டார். வயிறு எரிந்துகொண்டே இருந்தது.