ராசம்மா வீட்டுச் சாப்பாடு

காலை ஏழு மணிக்குப் பதுளை பஸ் நிலையத்தில் இறங்கினோம். நல்ல குளிர். கடையில் சூடான இட்லியைக் காட்டியும் அம்மா தொடவில்லை. "இன்னிக்கு வயித்துல எடம் வேணும்பா," என்றார். அடுத்த வாரம் அவர் கனடாவில் இருக்கும் என் அக்காவோடு நிரந்தரமாகத் தங்கக் கிளம்புகிறார். அதற்குமுன், நான் பிறந்து வளர்ந்த நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டு வர அம்மா, நான், மனைவி, பத்து வயது மகள் எல்லோருமாகக் கிளம்பியிருந்தோம்.

வயிற்றில் இடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வழக்கம். தூர தேசம் போகிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். எல்லா வீட்டிலும் சாப்பிட்டு முடித்தால்தான் விடைபெற்றதாக அர்த்தம். அம்மா மனதில் இருந்ததோ ராசம்மா அத்தை வீடு ஒன்றுதான். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வாரம் ஒரு தரமாவது சண்டை போட்டவர்கள். "அவ கையால சாப்பிடாம பிளேன் ஏறமாட்டேன்," என்று கொழும்பிலிருந்தே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

பசறைக்குப் பதினெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு நூறு ரூபாய். வளைவுகளுக்குப் பயந்து கண்ணை மூடிய என் மனைவி பசறையில்தான் திறந்தாள். அங்கே, எங்கள் லயம் இருக்கும் மேக்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, இரண்டாயிரத்துக்கு ஆட்டோ பேசினோம்.

"மேக்கணக்குல யாரு வீட்டுக்குங்க?" என்றார் ஓட்டுநர்.

"எல்லா வீட்டுக்கும்," என்றார் அம்மா.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "அப்ப காத்திருக்கிறதுக்குக் காசு வேணாங்க. எனக்கும் சேத்துப் போடச் சொல்லுங்க."

பத்து மணிக்கு லயம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது என்றே சொல்ல வேண்டும். ரொட்டியும் காரமான கட்டச்சம்பலும், மரவள்ளிக்கிழங்கு, வடை, பாயாசம், வீட்டுக்கு வீடு பால் விடாத சாயத்தண்ணி. வீட்டில் சோற்றைக் கண்டாலே ஓடும் என் மகள் மூன்றாவது ரொட்டியைக் கேட்டு வாங்கினாள். ஓட்டுநர் எங்களுக்கு முன்னால் அடுத்த வீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், மூச்சுவிடத்தான் முடியவில்லை.

ராசம்மா அத்தை வீட்டில் பூட்டு.

"காலையிலேயே கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருச்சுங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "நீங்க வர்றது அதுக்குத் தெரியுமே."

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானமும் அத்தை வரவில்லை. "எம்மேல என்ன கோவமோ," என்றபோது அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு அத்தைமேல் பொல்லாத ஆத்திரம். மூன்று மணிக்கு, கடைசி பஸ்ஸைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

இரண்டாவது வளைவில், முதுகில் கூடையோடு ரோட்டை மறித்து நின்றது ராசம்மா அத்தைதான். அம்மா இறங்கி ஓடினார்.

"ஏண்டி, வீட்டப் பூட்டிட்டு வந்துட்ட?"

"சோறு போட்டா நீ போயிருவ," என்றார் அத்தை. "எல்லா வீட்டுலயும் தின்னு முடிச்சிட்டா, பொறகு இங்க ஒனக்கு என்ன வேலை? நான் போடமாட்டேன். திரும்பி வா, ஆக்கிப் போடுறேன்."

"கிறுக்கச்சி," என்று அம்மா அவரைக் கூடையோடு கட்டிக்கொண்டார். இருவரும் அழுதார்கள், பிறகு எதற்கோ சிரித்தார்கள். அத்தை என்னைப் பார்த்து, "என்ன மருமவனே, மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பதுளை பஸ்ஸில் யோசித்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் ஊரைவிட்டுப் போனால், சோறு போடாமல் மறிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

அப்போது கனடாவிலிருந்து அக்கா அழைத்தாள். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டியாம்மா?"

"இன்னும் ஒரு வீட்டுல சொல்லல," என்றார் அம்மா. "தைப்பொங்கலுக்கு வந்துதான் சொல்லணும். திரும்பி வர்றதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரு."