கரையாம்புத்தூர் நிறுத்தத்தில் ஆளில்லை

காலை ஆறு மணியிலிருந்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வெளியே இருக்கிற கரையாம்புத்தூர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊருக்குக் கூடுதல் பஸ் தேவையா என்று பார்க்க, ஏறுகிறவர்களை எண்ணுவது என் வேலை. மணி பதினொன்று. தாளில் மூன்றே கோடுகள். இடுப்பு கடுக்கிறது.

புல்லுக்கட்டோடு போகிற அக்கா ஒருவர் நிற்கிறார்.

"இன்னா சார், காலைலேந்து குந்திக்கினுகீறீங்க?"

"பஸ்ஸுக்கு எத்தினி பேர் நிக்கிறாங்கன்னு எண்றேன்க்கா."

"இங்க எவன் நிப்பான்? இந்த பஸ்ஸ நம்பினா வேலைக்குப் போன மாதிரிதான். வூட்டுக்கு ஒருத்தர் விடியறப்பவே எல்லை தாண்டி நடந்து, தமிழ்நாட்டு பஸ்ல பூடுவோம்."

அதை எழுத என் தாளில் இடமில்லை.

பன்னிரண்டு மணிக்கு நான் திரும்ப வேண்டிய பஸ் ஒரு மணி வரை வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு எல்லைப் பக்கம் நடக்கிறேன். கணக்கில் இப்போது நானும் இல்லை.