பின் சீட்டில் சூடாமணி

சூடாமணி விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் விஷயத்தைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதில்லை என்று வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. அம்மா சீதாலக்ஷ்மி செய்த ஏற்பாடு அது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள், சமையல் தெரியும், பாட்டு கொஞ்சம். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். சூடாமணியும் மறுத்துப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி விமான நிலையத்துப் பக்கம் இருந்த ஃப்ளையிங் கிளப்புக்குப் போய்விட முடிந்தவரை, வீட்டில் யார் என்ன மறைத்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

கிளப்பில் இருந்தது ஒரே ஒரு பயிற்சி விமானம். சொல்லிக்கொடுத்தவர் சத்தியதாஸ், நாகர்கோவில்காரர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சூடாமணி குள்ளம். முதுகுக்கு ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு தலையணை வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாள். ஆனாலும் இறக்கும்போது சக்கரம் தரையில் படுவதே தெரியாது. தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிறு, சத்தியதாஸ் இறங்கி நின்று சொன்னார்: "மோளே, அடுத்த வாரம் நான் கூட வரல்லை. நீ தனியா ஒரு சுத்து சுத்திட்டு வா, கேட்டியா."

அந்த வாரத்திலேயே எஞ்ஜினில் கோளாறு கண்டு விமானத்தைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். அது திரும்பி வரவில்லை.

கிளப்பில் சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிற ஞாயிறுகளில்தான் டாக்டர் ஸ்ரீகண்டன் அவளோடு பேச ஆரம்பித்தார். கிழக்கேகோட்டையில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். அமெரிக்காவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கேயே லைசென்ஸ் வாங்கியிருந்தார். சொந்தமாக ஒரு விமானம் வாங்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. எதை வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

"நீ பார்த்துச் சொல்லு, சூடா. அலையறதும் எழுதறதும் உன் வேலை. பிளேன் என் பேர்ல இருக்கட்டும், பறக்கறது நாம ரெண்டு பேரும். உன் டிரெயினிங் அதுலயே முடிஞ்சுடும், இல்லையா?"

சூடாமணிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பம்பாய்க்கும் ஹைதராபாத்துக்கும் எழுதினாள். விற்கிறவர்களிடம் எஸ்.டி.டி பூத்தில் நின்று கத்திக் கத்திப் பேசினாள். எஞ்ஜின் எத்தனை நேரம் ஓடியிருக்கிறது, உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், கடல் காற்றில் நின்றால் எது முதலில் துருப்பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். மழைக்காலம் முழுக்க அதுதான் அவள் வேலை. கடைசியில் பெங்களூரில் ஒரே கொட்டகையில் இரண்டு விமானங்கள் விற்பனைக்கு இருப்பது தெரிந்தது.

டாக்டரும் அவர் மனைவி ஸ்மிதாவும் அவளும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் போனார்கள். முதல் விமானம் இரண்டு சீட் செஸ்னா. சாயம் வெளுத்து, சீட் துணி கிழிந்து, அழுக்காக நின்றது. எஞ்ஜின் மட்டும் புதிதுபோல இருந்தது. கற்றுக்கொள்கிறவன் செய்கிற தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் ஜாதி அது. சூடாமணி தேடியது அதைத்தான். அதற்குப் பக்கத்தில் நாலு சீட் விமானம் ஒன்று. வெள்ளை உடம்பில் நீலக் கோடு, தோல் சீட்டு, மேலே போனதும் சக்கரத்தை மடக்கிக்கொள்ளும்.

"பறக்கப் போறது பெரும்பாலும் நாம ரெண்டு பேர்தானே டாக்டர்? கத்துக்க இதுதான் சரி. அப்புறமா நாலு பேர் போகணும்னா அன்னிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கலாம்," என்றாள் செஸ்னாவைக் காட்டி.

"கத்துக்கறது ஒரு வருஷம். அப்புறம் காலம் பூரா என்ன பண்றது?" என்றார் ஸ்ரீகண்டன், நாலு சீட் விமானத்தைக் காட்டி. "நீயும் லைசென்ஸ் வாங்கினப்பறம் இதுமாதிரி ஒண்ணுதான் வேணும்பே. உள்ள ஏறி உட்கார்ந்து பாரு."

உட்கார்ந்தாள். தலையணை இல்லாமலே வெளியே தெரிந்தது. சீட்டை உயர்த்தும் வசதி இருந்தது. தோலின் வாசனை புதுச் செருப்புக் கடையை நினைவூட்டியது. கீழே நின்ற ஸ்மிதா, "அய்யோ, என்ன பாங்கா இருக்கு!" என்றாள். ஸ்ரீகண்டன் சூடாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த நியாயமெல்லாம் நாக்கு நுனியில் இருந்தும் சூடாமணி சொன்னது, "நன்னாத்தான் இருக்கு டாக்டர்" என்பது மட்டும். தோலுக்கும் நீலக் கோட்டுக்கும் தானும் மயங்கினாள் என்பதை அவள் பிறகு மறுக்கவே இல்லை.

நாலு சீட் விமானம் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த அன்று சத்தியதாஸ் அதைச் சுற்றி வந்தார். முகம் தெளியவில்லை.

"வண்டி நல்ல வண்டிதான். படிக்கிறவங்களுக்கு உள்ளதில்லை மோளே. இறங்கும்போது சக்கரத்தை விரிக்க மறந்தா போச்சு. வேகமும் ஜாஸ்தி, நீ ஒண்ணை யோசிக்கிறதுக்குள்ள அது அடுத்த ஊருக்கு மேல நிக்கும். தனியா உன்னை இதில் விட நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்சூரன்ஸ்காரனும் சம்மதிக்க மாட்டான்."

இன்சூரன்ஸ்காரன் சம்மதிக்கத்தான் இல்லை. முழு லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே ஓட்டலாம் என்று எழுதிவிட்டார்கள்.

"கொஞ்ச நாள் பொறு, ஏதாவது வழி பண்ணலாம்," என்றார் ஸ்ரீகண்டன். அவர் வழி பண்ணவில்லை. அவள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, கேட்பதை நிறுத்தினாள். மாணவர் லைசென்ஸ் காலாவதியானது. புதுப்பித்து எதில் ஏறுவது?

இதற்கு நடுவில் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். டாக்டர் வெளியே போயிருந்ததால் சூடாமணியை விமானத்தின் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார். 'வானத்தை வசமாக்கிய அக்ரஹாரத்துப் பெண்' என்று மறுநாள் வந்தது. மறைத்து வைத்த விஷயம் சாலைக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. பாலிடெக்னிக் பிரின்சிபல் கைகுலுக்கினார். மாணவிகள், "டீச்சர், எங்களையும் ஒரு தடவை கொண்டு போவீங்களா?" என்றார்கள். அந்த விமானத்தின் சாவியைக்கூட அவள் தொட்டதில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரே ஒருமுறை அதில் போனாள். கோழிக்கோட்டுக்கு. முன்னால் டாக்டரும் ஸ்மிதாவும். பின் சீட்டில் சூடாமணியும், அவர்கள் பெண் பத்து வயது பார்கவியும். கொல்லம் தாண்டும்போதே பார்கவிக்கு வயிற்றைப் புரட்டியது. சூடாமணி குழந்தையின் நெற்றியை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் காகிதப் பையை ஏந்திக்கொண்டாள். ஸ்மிதா திரும்பி, "ரொம்ப உபகாரம், சூடா. நீ வந்தது நன்னாப் போச்சு," என்றாள். கீழே காயல் பளபளத்ததை எல்லாரும் பார்த்தார்கள். அவள் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் கிளப்புப் பக்கம் போகவில்லை. வந்த வரன்கள் பத்திரிகைப் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவன், "கல்யாணத்துக்கப்புறமும் பறப்பேளா?" என்றான். "நான் பறந்ததே இல்லை," என்றாள் சூடாமணி. சீதாலக்ஷ்மி உள்ளே போய் அழுதாள். அந்த இடமும் தட்டிப்போனது.

இரண்டாயிரத்து நாலில் ஸ்ரீகண்டன் பாலிடெக்னிக்குக்கே வந்தார். தலை நரைத்திருந்தது. பழைய விமானத்தை விற்றுவிட்டாராம்.

"பார்கவி கத்துக்கணுங்கறா. அவளுக்கு எது வாங்கலாம்? உன் அளவுக்கு இதுல யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு சீட்டு. மெதுவாப் போறது. சக்கரம் மடங்காதது," என்றாள்.

"அதேதான் நானும் நினைச்சேன். கத்துக்கற குழந்தைக்கு பெரிசு எதுக்கு?"

சூடாமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பெங்களூர்ல இதைத்தானே டாக்டர் சொன்னேன்?"

"சொன்னியா? உனக்கும் அந்த நாலு சீட்டுதானே பிடிச்சிருந்தது? எனக்கு அப்படித்தான் ஞாபகம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் ஞாபகம். கோபப்படக்கூட ஒரு ஆள் எதிரே இல்லாததுபோல இருந்தது அவளுக்கு. சனிக்கிழமை தன்னோடு வந்து விமானத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் பார்கவி தனியாகப் பறந்தாள். ஸ்மிதா ஒரு டப்பா நிறைய லட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். சீதாலக்ஷ்மி ஒன்றை விண்டு வாயில் போட்டுக்கொண்டு, "நெய் மணக்கறது. நீ ஒண்ணு எடுத்துக்கோயேன்," என்றாள்.

"வேண்டாம்மா," என்றாள் சூடாமணி.