‘நம்ம வண்டி’யைத் தேடிக் காரைக்காலில் ஒரு சனிக்கிழமை

காலை ஆறரைக்கு மயிலாடுதுறையில் பேருந்து ஏறினேன். பேரளம் வழியாகக் காரைக்கால் போகும் வண்டி. திருநள்ளாறுக்கு ஒரு டிக்கெட் என்றதும் நடத்துனர் முப்பத்தெட்டு ரூபாய் வாங்கிக்கொண்டு என் பையை எட்டிப் பார்த்தார். சனிக்கிழமையில் அந்த ஊருக்குப் போகிறவர்கள் பையில் நல்லெண்ணெயும் மாற்றுத்துணியும் இருக்கும். என் பையில் டார்ச் லைட்டும் பழைய துண்டும்தான் இருந்தன.

“கோயிலுக்குத்தானே?”

“இல்லீங்க. பழைய கார் ஒண்ணு வாங்கப் போறேன்.”

“சனிக்கிழமையிலயா? இரும்பாச்சேம்மா!”

எனக்கு வேறு கிழமை இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கும்பகோணத்தில் டயாலிசிஸ். மற்ற நாளில் பள்ளிக்கூடம், ஞாயிறு வீட்டு வேலைக்கே சரியாகிவிடும். எங்களுக்கு இடம் கிடைத்தது அங்கேதான். போகும்போது ஒரு மாதிரி போய்விடுவார். திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டி, பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போன வாரம் பேருந்து நிலையத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள், அதில் ஒருவர், இவர் குடித்திருக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். அன்று ராத்திரி முடிவு செய்தேன், கார் வாங்கியே ஆவது என்று. எனக்கு ஓட்டத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். ஐம்பது வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, ஊரே கேலி செய்தும் கற்றுக்கொண்டேன்.

கைபேசியில் பார்த்த விளம்பரம் இதுதான்: பதினோரு வருடத்து வெள்ளைக் கார், பெட்ரோல், ஒரே ஓனர், காரைக்கால் பதிவு, விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம். போன் செய்தால் சுரக்குடியிலிருந்து செல்வம் என்பவர் பேசினார். குரலில் அவ்வளவு மரியாதை.

“யாரு வண்டிங்க?”

“நம்ம வண்டிதாங்க. வந்து பாருங்க, பாத்தீங்கன்னா விட மாட்டீங்க.”

எட்டு மணிக்குத் திருநள்ளாறில் இறங்கினேன். தெரு கொள்ளாத கூட்டம். குளத்தில் தலை முழுகி ஈரத்தோடு வருகிறவர்களுக்கு நடுவே ஆட்டோ பிடித்தேன். சுரக்குடிக்கு நூறு ரூபாய். இரண்டு பக்கமும் வயல், நாற்று பறிக்கிற பெண்கள், மடைக்கு மடை கொக்கு. எங்கள் பக்கம் மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் இது புதுச்சேரி, வேறு மாநிலமாம். காரின் எண் ‘பிஒய்’ என்று ஆரம்பிக்கும். அதை நான் ஊருக்குக் கொண்டுபோனால் இங்கே என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, எண்ணை மாற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் எப்படி இன்னொரு மாநிலம் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை.

செல்வம் நாற்பத்தைந்து வயது விவசாயி. சேறு காயாத காலோடு ஓடிவந்து நாற்காலி போட்டார்.

“வாங்க மேடம், வாங்க. சார் வரலீங்களா?”

“வரலை. நாந்தான் ஓட்டப் போறேன்.”

“அப்படீங்களா,” என்று என் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டார், சார் எங்கேயாவது மறைந்து நிற்கிறாரோ என்பது போல.

காபி வந்தது. வாசலில் டிராக்டர் நின்றது, இரண்டு பைக் நின்றன. கார் இல்லை.

“வண்டி எங்கங்க?”

“கோவில்பத்துல நிக்கிதுங்க. எந் தங்கச்சி வீட்ல.”

“அப்ப உங்க வண்டி இல்லியா?”

“நம்ம வண்டிதாங்க! தங்கச்சி மாப்ள மணின்னு. அவருக்கு இந்த ஆன்லைன்லாம் வராது. அதான் நான் போட்டு விட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. முதலிலேயே சொல்லியிருந்தால் நேராகக் கோவில்பத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அவர் முகத்தில் கள்ளம் இல்லை. பைக்கில் ஏற்றி, காரைக்கால் ஓரத்தில் இருக்கும் கோவில்பத்து வரை தானே கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. ஏசி ஜில்லென்று இருக்கும், நாலு டயரும் புதுசு, டேங்க்கில் பெட்ரோல் கிடக்கிறது, அதுவும் இந்த ஊர் மலிவு விலையில் போட்டது. இறக்கிவிட்டுவிட்டு, “மாப்ள பாத்துக்குவாரு, எனக்கு வயல்ல ஆளு நிக்கிது,” என்று திரும்பிப் போய்விட்டார்.

பத்து மணி இருக்கும். தங்கச்சி மாப்பிள்ளை மணி, பாதி இஸ்திரி போட்ட சட்டையும் கையுமாகக் கதவைத் திறந்தார். நகரத்தில் ஏதோ அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமை விடுமுறை. மாடி கட்டிப் பாதியில் நிறுத்திய வீடு, கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. போர்டிகோவில் கார் மூடும் உறை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“சார் வரலீங்களா?”

“வரலைங்க. வண்டி எங்கங்க?”

“வசந்தா எடுத்துட்டுப் போயிருக்கு. எம் மிஸஸ். பட்டினச்சேரி சுகாதார நிலையத்துல நர்ஸு.”

“நான் இன்னிக்கு வரேன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்... தெரியும்னுதான் நெனைக்கிறேன்.”

“வண்டி உங்க பேர்லயா இருக்கு?”

“நம்ம வண்டிதாங்க மேடம்.”

அட ராமா! கணக்கு டீச்சருக்கே கணக்கு உதைத்தது. அண்ணன் நம்ம வண்டி என்கிறார், மாப்பிள்ளை நம்ம வண்டி என்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சொல்வார் போலிருந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சில் யாருடையது என்று கேட்பதே கொஞ்சம் மரியாதைக் குறைவோ என்னவோ. கேட்கக் கேட்க எல்லாரும் என்னையும் அந்த ‘நம்ம’வுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கையெழுத்து ஒருவர்தானே போட முடியும்?

மணி மூன்று முறை மனைவிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. “டூட்டில இருக்கும். நீங்களே போயி பாத்துருங்க, நாந்தான் அனுப்புனேன்னு சொல்லுங்க,” என்று ஆட்டோ பேசி ஏற்றிவிட்டார். தானும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தெற்கே ஏழெட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு. திருமலைராயன்பட்டினம் தாண்டி இடதுபக்கம் திரும்பியதும் காற்று உப்பாகிவிட்டது. பட்டினச்சேரியில் தெருவிலேயே வலை காய்கிறது. ஆட்டோ அதன்மேல் ஏறாமல் போக ஓட்டுநர் படாத பாடு பட்டார். சுகாதார நிலையத்து வேப்ப மரத்தடியில் அந்த வெள்ளைக் கார் நின்றது. கிட்டத்தட்ட ஓடினேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கடலோரத்து வண்டி ஆயிற்றே, அடித்தட்டு துருப்பிடித்திருக்குமே என்று. பொட்டுத் துரு இல்லை. யாரோ பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறார்கள்.

உள்ளே போனேன். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், குள்ளமாக, வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்.

“உக்காருங்கக்கா. சுகரா, பிரஷரா?”

“நான் வண்டி பாக்க வந்தேன்மா.”

“எந்த வண்டி?”

“வெளில நிக்கிதே, வெள்ளை வண்டி. விக்கிறதா...”

வசந்தாவின் முகம் மாறியது. ஆனால் எதிரே மாத்திரை வாங்க ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “செத்த இருங்கக்கா,” என்று சொல்லிவிட்டு அத்தனை பேரையும் ஒழுங்காகப் பார்த்து அனுப்பினார். பன்னிரண்டு மணிவாக்கில் வெளியே வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

“ஓட்டிப் பாருங்க.”

கடற்கரைச் சாலையில் ஓட்டினேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கிளட்ச் வெண்ணெய். ஸ்டியரிங் ஒரு பக்கமும் இழுக்கவில்லை. பின் சீட்டில் என் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் வேகத்தைக் குறைத்தேன். கருவாடு காயும் மணலோரம் நிறுத்தினேன்.

“வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கையெழுத்து யாரு போடுவாங்க?”

“நாந்தான். ஆர்சி எம் பேர்ல இருக்கு. எஞ் சம்பளத்துல வாங்குனது.”

ஆக, விளம்பரத்தில் இருந்த அந்த ஒரே ஓனர் இவர்தான்.

“அப்ப நீங்கதான் விக்கிறீங்களா?”

“இல்லக்கா. மாடி கட்டணும், வண்டிய குடுத்துரலாமான்னு அவரு கேட்டாரு. நான் ‘பாக்கலாம்’னு சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. நம் வீடுகளில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கடன் கேட்டவரிடம் சொல்வது, பெண் கேட்டு வந்தவரிடம் சொல்வது. முகத்தில் அடித்தது போல முடியாது என்று சொல்ல வாய் வராதவர்கள் சொல்வது.

“பாக்கலாம்னா வேணாம்னு அர்த்தம்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும்க்கா. கல்யாணமாயி பதினாலு வருசமா தெரியும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரி, நீங்க ஏன் பழைய வண்டி தேடுறீங்க?”

சொன்னேன். டயாலிசிஸ் என்ற சொல் வந்ததுமே அவர் நர்ஸாகிவிட்டார். வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை மணி நேரம், எடை எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டார். பேருந்திலா போய் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு நான் தலையாட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. நான் கையெழுத்துப் போடறேன். திங்கக்கிழமையே ஆர்டிஓ ஆபீசுக்குப் போயி என்ஓசிக்கு எழுதிக் குடுத்துடுவேன்.”

இதற்காகத்தானே விடிகாலையில் கிளம்பி வந்தேன்? சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது:

“உங்களுக்கு வண்டி வேணாமா?”

“வேணும்தான்க்கா.” டாஷ்போர்டைத் தடவிக் கொடுத்தார். “காரணம் கேட்டா சொல்லத் தெரியாது. பஸ்ல வரலாம், அவரு பைக்ல கொண்டாந்து விடுவாரு. ஆனா இதுல ஏறி கதவ சாத்துனா, வீடு போற வரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவ்ளோதான். உங்க கஷ்டத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு காரணமா?”

இல்லைதான். எந்தக் கணக்கில் போட்டாலும் என் தேவை பெரிது. ஆனால் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த தலையணைமேல் நான் உட்கார்ந்திருந்தேன், உயரம் போதாமல் அவர் போட்டுக்கொண்டது. எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கி, சுற்றி வந்து, சாவியைக் கொடுத்தேன்.

“வேண்டாம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் முடியாதுன்னு வாயத் தொறந்து சொல்லிடுங்க. இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா.”

காரைக்கால் பேருந்து நிலையம் வரை அவரே ஓட்டிவந்து விட்டார். நன்றாக ஓட்டுகிறார், என்னைவிட நன்றாக. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், பின்னால் பேருந்து ஹாரன் அடித்து அது காதில் விழவில்லை.

மூன்று மணி வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பேரளம் வரை அழுதேன். ஏன் அழுதேன் என்று கேட்டால் எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நல்லது செய்துவிட்ட நிம்மதி ஒரு துளிகூட இல்லை. வயிற்றெரிச்சல்தான் இருந்தது. திங்கட்கிழமை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவது வசந்தா இல்லையே. முன்பின் தெரியாத ஒருத்தியின் தலையணைக்காக என் வீட்டு மனிதரை நிற்க வைத்துவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அவர் காத்திருந்தார். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஓரத்தில் வைத்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏறும், எடை தூக்கக் கூடாத கை.

“என்னாச்சு?” என்றார்.

“அடியெல்லாம் துரு. இஞ்சினும் சரியில்லை,” என்றேன்.

“நல்லவேளை, பாத்துட்டு வந்த,” என்று சொல்லிவிட்டு, தொட்டிகளைப் பழைய இடத்துக்கு நகர்த்தக் குனிந்தார்.