எலும்பைக் கட்டிய ஊசி

பூந்தமல்லியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். சாயும் வண்டிகளை வருடக்கணக்காகத் தாங்கிப் பிடித்து உரமேறிய உடம்பு என்று எனக்குக் கர்வம் உண்டு. ஒரு நாள் வானகரம் போன ஷேர் ஆட்டோ வேகத்தடையில் தூக்கிப் போட்டது. முதுகில் ‘மளுக்’ என்றது. இறங்க முடியவில்லை.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரம்மா, முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கியிருப்பதாகச் சொன்னார். நாற்பதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டதால், ஐம்பத்திரண்டு வயதுக்குள் எலும்பு உள்ளுக்குள் கரைந்திருந்தது.

“கழுத்துல நாலு குட்டிச் சுரப்பி இருக்கும்மா. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா, எலும்புலேர்ந்து எடுத்துக் குடுக்கறது அதோட ஹார்மோன்தான். அந்த ஹார்மோன்ல ஒரு பகுதியைத்தான் ஊசியா தினமும் போடப் போறோம்.”

“எடுக்கறதே அதுதான்னா, அதையே எப்படிம்மா ஏத்துவீங்க?”

“எந்நேரமும் அதிகமா ஊறிக்கிட்டே இருந்தா எலும்பை அரிக்கும். நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமா உள்ள போனா, எலும்பு கட்டுற செல்லுங்க முழிச்சுக்கும்.”

ஊசி பேனா வடிவில் இருந்தது. ஃபிரிட்ஜில் வைத்து, நானே போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் மூன்று முறை தொடைக்கு அருகே கொண்டுபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். ஊசியைக் கண்டாலே மயங்கும் என் கணவர் வாசலுக்கே போய்விட்டார். அவரிடம் விஷயம் கேட்டு, எதிர் வீட்டுத் தையல்காரி உள்ளே வந்தாள். சர்க்கரைக்காகத் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள்.

“இன்னாக்கா, இத்துக்கா அழுதுகினு கீறே? நான் ஒரு நாளிக்கு மூணு தபா குத்திக்கிறேன். பாரு!”

தன் பேனாவை எடுத்துவந்து தன் வயிற்றில் குத்திக்கொண்டாள். முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணை மூடாமல் நானும் குத்திக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்குத் தன் பேனாவோடு வந்துவிடுவாள். அவளுக்கு அவள் ஊசி, எனக்கு என் ஊசி. ஆரம்பத்தில் போட்டதும் எனக்குத் தலை சுற்றும். எழுந்திருக்க விடாமல் பேச்சுக் கொடுப்பாள். கால் இழுத்துப் பிடித்த ஒரு நாள், விட்டுவிடப் போகிறேன் என்றேன்.

“நான் ஆயுசுக்கும் குத்திக்கணும். ரெண்டு வருசத்துக்கு உனுக்கு இன்னா?” என்றாள். மறுநாள் அவள் வருவதற்கு முன்பே பேனாவை எடுத்து வைத்தேன்.

இரண்டு வருடம் முடிந்தது. டாக்டரம்மா பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“எலும்பு நல்லா ஏறியிருக்கும்மா! இனிமே இந்த ஊசி வேணாம். கட்டினது கரையாம இருக்க வேற மருந்து தர்றேன். வண்டி சொல்லிக் குடுங்க. ஆனா சாயுற வண்டியைத் தாங்காதீங்க.”

“விழட்டும் டாக்டர். விழுந்தாத்தான் ஓட்ட வரும்” என்றேன். வெளியே வந்ததும் அங்கேயே நின்று அழுதேன். பயந்துபோன என் கணவரிடம் விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் முதல் மாணவியாக எதிர் வீட்டுக்காரியையே சேர்த்தேன். காசு வாங்கமாட்டேன் என்றதற்குச் சண்டை போட்டாள். நான்கு முறை விழுந்தாள். லைசென்ஸ் வாங்கிய அன்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். டீக்கடையில் நின்ற அவள் கணவர் கண்ணாடி டம்ளரோடு ரோட்டுக்கே ஓடி வந்தார்.

“ஏய், பாத்து! பாத்து!”

“நீங்க பாத்துகினே இருங்க! நாங்க மாங்காடு வரிக்கும் போயிட்டு வர்றோம்!”

ஹாரனை அழுத்திய கையை அவள் எடுக்கவே இல்லை. ஊரே திரும்பிப் பார்த்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.