டிராகனுக்காக அழுத காலை

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்திருந்தேன். ஆங்கிலம் பழகட்டும் என்று நூலகத்தில் ஒரு மாயக்கதைத் தொடரின் கசற்றுகளை இரவல் எடுத்து, பேக்கரி வேலைக்குப் போகும் பஸ்ஸில் வோக்மனில் கேட்பேன். பாதி விளங்காது. ஆனால் மூன்றாம் பாகத்தில், சிறுமியைச் சுமந்து பறந்த டிராகன் பனிமலையில் செத்துப்போக, அவள் அதன் விரிந்து கிடந்த செட்டையை மெல்ல மடித்துவிடும் இடம் முழுதாக விளங்கியது. பஸ் என்றும் பாராமல் விம்மி அழுதேன்.

முன்னால் இருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். போர் நடந்த அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் அழுதால் ஒரு காரணம்தான், ஊரில் ஒரு சாவு.

"ஊரிலை ஆரும் மோசம் போயிட்டினமோ பிள்ளை?"

'இல்லை அன்ரி, இது கதை' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "அண்ணை..." என்று வந்தது.

ஊரில் ஷெல் விழுந்து அண்ணை போய் அரை வருடம். செய்தி வந்த அன்றும் பேக்கரிக்குப் போய்ப் பாண் பொதி செய்தவள் நான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அண்ணையைப் பற்றியும் சொன்னேன், டிராகனைப் பற்றியும் சொன்னேன். அன்ரி சிரிக்கவில்லை.

"அந்தப் பெட்டை இனித் தனிய என்ன செய்வாள்?"

"தெரியாது அன்ரி. இன்னும் கசற் கிடக்கு."

"கேட்டுப்போட்டு நாளைக்குச் சொல்லும்."

அண்ணைக்கான அழுகை ஒரு டிராகனின் கதையால் வந்ததில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. வந்ததே பெரிது.

மறுநாள் அன்ரி பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார்.

"அவள் நடக்கத் துவங்கீட்டாள் அன்ரி" என்றேன்.